ஒன்பதாவது வார்டில் ஒரு புள்ளி

வார்டு எல்லை போடுவது என்றால் ஊரில் என்ன நினைக்கிறார்கள் என்று மேப் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். யாரோ ஒரு பெரிய மனிதர் காரில் வந்து இறங்குவார், மேஜைமேல் ஊரை விரிப்பார், ஸ்கேலை வைத்துச் சர்ரென்று ஒரு கோடு இழுப்பார். இந்தத் தெரு உனக்கு, அந்தத் தெரு எனக்கு. அப்படி நினைத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர்களோடு அவள் மல்லுக்கு நிற்பதில்லை. பெரிய மனிதர்கள் வருவது கையெழுத்துப் போடுவதற்கு மட்டும். கோடு இழுப்பது, நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், கழிப்பறைக்குப் பக்கத்து அறையில், இருபத்தாறு வருடமாக முதுகுவலியோடு குனிந்திருக்கிற அவள்தான்.

கமிஷனரிலிருந்து லிஃப்ட்காரர் வரை எல்லோருக்கும் அவள் மேப் அக்கா. அவளைவிட ஆறு வயது மூத்த சூப்பிரண்டுகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு, வயசைக் கூட்டிக் கூப்பிடுகிறவர்கள் வேலையைக் கூட்டாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டாள். அதையும் கூட்டினார்கள், அது வேறு கதை.

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தேர்தல். அதற்கு முந்தைய வருடம் ஊர் முழுக்க வீடு வீடாகத் தலை எண்ணுவார்கள். எண்ணிய நோட்டுப் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக அவள் அறைக்கு வரும். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ காலமாகிறது. ஆனால் பக்கத்து ஊரில் கம்ப்யூட்டர் ஒரு ஏரியைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பேருந்து நிலையத்தின் மேல் வைத்துவிட்டது. அதிலிருந்து, பொது விசாரணைக்கு வைக்கிற வரைபடம் கையால் போட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எனவே அக்கா கண்ணாடிபோன்ற பெரிய பிளாஸ்டிக் தாளை விரித்து, சிவப்பு மையில், ஒரு தலைக்கு ஒரு புள்ளி வைப்பாள். மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு மூன்று புள்ளி. எட்டுப் பேர் என்றால் எட்டு, அந்த வீட்டுக்கு மணல்வாரி அம்மை போட்டதுபோல் ஆகிவிடும். முப்பதாயிரத்துச் சொச்சம் புள்ளிகள். மூன்று மாத வேலை.

அந்த மூன்று மாதமும் அவள் பாதி இந்த உலகத்தில் இருப்பதில்லை. மதியம் மூன்றரை மணிக்கு மேல் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் தாளின் மேல் சாயும். அப்போது புள்ளிகள் லேசாக அசைய ஆரம்பிக்கும். பள்ளிக்கூடத் தெருவிலிருந்து ஒரு கூட்டம் கிளம்பும். ஆஸ்பத்திரி முனையில் இரண்டு புள்ளிகள் நின்று பேசும். யாரோ ஒருவர் கடை ஷட்டரை இறக்கிவிட்டு மெதுவாக வீட்டுப் பக்கம் நடப்பார். கண் களைத்துப்போனால் அப்படித்தான் தெரியும் என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்கா அவருக்குத் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். களைப்பாகவே இருக்கட்டும், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இந்த முறை அவளைத் தூங்கவிடாமல் செய்தது ஒன்பதாவது வார்டு. அது ரயில் தண்டவாளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை ‘அந்தப் பக்கம்’ என்பார்கள். அங்கே இருப்பவர்கள் அதே இடத்தை ‘இந்தப் பக்கம்’ என்பார்கள். அக்காவின் வீடு அங்கேதான், ஆற்றைப் பார்த்த கடைசித் தெருவில். வெகுகாலம் வரை அந்தப் பக்கம் எட்டாவது வார்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டாவது வார்டு என்றால் கடைத்தெரு, கவுன்சிலர் எப்போதும் கடைத்தெருக்காரர். அந்தக் காலத்தில் தண்டவாளத்தைத் தாண்டித்தான் எல்லோரும் போய்வந்தார்கள். ரயிலில் அடிபட்டவர்களின் பெயர்கள் அக்காவுக்கு இன்னும் தெரியும். தனி வார்டு ஆன பிறகுதான் இரும்பு நடைபாலம் வந்தது, வாரத்துக்கு மூன்று நாள் நர்ஸ் உட்காருகிற அறை வந்தது, இரவில் எரிகிற விளக்கு வந்தது.

தனி வார்டாக இருக்க ஆயிரத்து ஐந்நூறு தலை வேண்டும். ஒன்று குறைந்தாலும் பக்கத்து வார்டோடு சேர்த்துவிட வேண்டும் என்பது சட்டம். மற்ற வார்டுகளில் என்றால் எல்லையை ஒரு சந்து தள்ளிப் போட்டு சரிக்கட்டலாம். இங்கே ஒரு பக்கம் தண்டவாளம், மறு பக்கம் ஆறு. கோட்டை எங்கே தள்ளுவது, தண்ணீரிலா?

நோட்டுப் புத்தகங்களைக் கூட்டினாள். ஆயிரத்து ஐந்நூறு வந்தது. மறுபடி கூட்டினாள். நான்காவது முறையும் அதே ஆயிரத்து ஐந்நூறு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சந்தோஷத்தில் எழுந்து நின்றவள், அப்படியே மெதுவாக உட்கார்ந்தாள். அந்த ஆயிரத்து ஐந்நூறில் எது இல்லாத தலை என்று அவளுக்குத் தெரியும். அது அவள் வீட்டில் இருந்தது.

பதினொரு வருடத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவள் கணவர் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். தண்ணீர் பம்பு பழுது பார்ப்பது அவர் தொழில். எங்கேயோ தூரத்து ஊரில் பெரிய பம்பு ஒன்று மக்கர் செய்கிறது, வியாழக்கிழமை வந்துவிடுகிறேன் என்றார். வியாழக்கிழமை வந்தது, அவர் வரவில்லை. அந்த ஊருக்கு அவர் போய்ச் சேரவே இல்லை என்றார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்தாள், செய்தித்தாளில் படம் போட்டாள். இரண்டு முறை பிணவறைக்குக் கூப்பிட்டுத் துணியை விலக்கிக் காட்டினார்கள். இரண்டு முறையும் வேறு யாரோ. அதோடு சரி. சண்டையில்லை, கடனில்லை, ஒரு சின்ன மனஸ்தாபம்கூட இல்லை. மனிதர் போன இடம் தெரியவில்லை.

அவர் போன நான்காவது மாதம் தலை எண்ண வந்தார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள், இரண்டு என்றாள். அதில் தப்பில்லை. ஆறு மாதத்துக்கு மேல் வீட்டில் இல்லாதவரைத்தான் எண்ணக் கூடாது. எண்ணப் போகிறவர்களுக்குக் கொடுக்கிற விதித்தாளில் அது ஏழாவது வரி. அந்தத் தாளை டைப் அடித்ததே அவள்தான். ஐந்து வருடம் கழித்து மறுபடி வந்தார்கள், மறுபடி இரண்டு என்றாள். அப்போது நாக்கு ஒரு கணம் தடுமாறியது. இந்த முறை வந்தது ஒரு பள்ளி ஆசிரியை. வெயிலில் வந்து முகம் சிவந்திருந்தாள்.

"வீட்டுல எத்தனை பேர் மேடம்?"

"ரெண்டு பேர்."

"சார் வெளிய போயிருக்காங்களா?"

"ஆமா."

டீச்சர் எழுதிக்கொண்டாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். இதில் ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் அக்காவுக்கு எள்ளளவும் இருந்ததில்லை. தன் வாயால் ஒன்று என்று சொன்னால் அவர் அந்த நிமிஷமே செத்துப்போய்விடுவார் என்று அவளுக்குப் பயம். அவ்வளவுதான் விஷயம். முப்பதாயிரம் புள்ளியில் ஒரு புள்ளி யாரை உறுத்தப் போகிறது? அது இத்தனை நாள் யாரையும் உறுத்தவில்லை. இப்போது ஒரு வார்டே அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு மாட்டிய பத்தாவது நாள் சூப்பிரண்டு அவள் அறைக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

"மரக்கடைக்காரர் எதிர்ப்பு மனு கொடுத்திருக்கார்க்கா," என்றார். "ஒன்பதாவது வார்டுல இல்லாத ஆளையெல்லாம் எண்ணியிருக்காங்களாம். பதினாலு வீட்டு நம்பர் எழுதியிருக்கார்."

மரக்கடைக்காரர் எட்டாவது வார்டு கவுன்சிலரின் மச்சான். ஆற்றோரத்து நிலத்தின் மேல் அவருக்கு ஒரு கண் இருப்பது தண்டவாளத்துக் கல்லுக்குக்கூடத் தெரியும்.

"பதினாலுல நம்ம வீடும் இருக்கா?"

"கடைசி நம்பர்," என்றார் சூப்பிரண்டு. அவர் அக்காவின் கல்யாணத்துக்கு வந்தவர், பிணவறைக்கும் கூட வந்தவர். அவருக்குத் தெரியாததா? "விசாரணைக்கு மேப்பை நீங்கதான் எடுத்துட்டு வரணும். லீவு எதுவும் போட்டுடாதீங்க, இன்னும் தப்பாப் போயிடும்."

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒன்பதாவது வார்டு கவுன்சிலர் அக்காவின் வீட்டுக்கு வந்தாள். சைக்கிள் கடை வைத்திருப்பவள், நகத்தில் எப்போதும் கிரீஸ் இருக்கும், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த டீயை ஆற விட்டாள்.

"அக்கா, சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. நாளைக்குப் பதிமூணு வீட்டு ஆளுங்களும் நேர்ல வந்து நிப்பாங்க. அதுல பிரச்சனை இல்ல."

"என் வீடுதான்."

"நீங்க பொய் சொல்ல வேணாம். சாட்சிக்கு ஆள் இருக்கு. அவங்க சொல்லி முடிச்சதும் உங்களைக் கேப்பாங்க. ஒரே ஒரு ஆமா. அதுகூட வேணாம், தலைய ஆட்டுங்க போதும்." நகத்துக் கிரீஸைச் சுரண்டினாள். "எட்டாவது வார்டோட சேத்துட்டாங்கன்னா நர்ஸ் அறை முதல்ல போகும். அப்புறம் பாலம். துருப் பிடிச்சா யாரு பெயிண்ட் அடிப்பா? என் தம்பிய அந்தத் தண்டவாளத்துலதான் பொறுக்கினோம். உங்களுக்குத் தெரியும்."

அக்காவுக்குத் தெரியும். டம்ளரைக் கவுன்சிலரின் பக்கம் நகர்த்தி வைத்தாள். கவுன்சிலர் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனாள்.

விசாரணை பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில் நடந்தது. பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி டக் டக்கென்று சுற்றியது. கரும்பலகை மேல் அக்காவின் தாளை ஊசி குத்தி மாட்டியிருந்தார்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு, ஊர் முழுக்க சிவப்பாக மினுங்கியது. விசாரணை அதிகாரி தலைநகரத்திலிருந்து வந்தவர். நல்ல ஜலதோஷம் பிடித்திருந்தது, மூன்று கைக்குட்டை கொண்டுவந்திருந்தார்.

நடைமுறை இதுதான். எதிர்ப்பு வந்த வீட்டு எண்ணை அதிகாரி வாசிப்பார். அந்த வீட்டில் எண்ணப்பட்டவர்கள் எழுந்து நிற்க வேண்டும். வர முடியாதவருக்காக அக்கம்பக்கத்தில் மூன்று பேர் சாட்சி சொல்லலாம். வீட்டாரைக் கடைசியில் கேட்பார்கள், அவர்கள் சொல்வதுதான் முடிவு.

முதல் பதிமூன்று வீடும் திருவிழாக் கூட்டம்போல எழுந்து நின்றன. ஒரு வீட்டில் எண்ணிய அன்றைக்குப் பிறந்த குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்கள். ஒரு தாத்தாவை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். அவர் எல்லாவற்றுக்கும் "நான் எங்கயும் போகல" என்றே பதில் சொன்னார். அதிகாரி தும்மிக்கொண்டே டிக் அடித்தார். மரக்கடைக்காரரின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

பதினான்காவது எண்ணை வாசித்தார். அக்கா எழுந்து நின்றாள். அவள் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

"இன்னொருத்தர் எங்க?"

"வெளியூர்ல பம்பு வேலைக்குப் போயிருக்கார் சார்," என்றாள் கவுன்சிலர், பின்வரிசையிலிருந்து. "சாட்சி இருக்கு."

முதலில் எழுந்தவர் சலூன்காரர். பாலத்தடியில் கடை. வாய் பேசாமல் அவருக்குக் கத்தரி ஓடாது. ஆனால் இன்றைக்கு ரொம்ப மெதுவாகப் பேசினார்.

"மாசம் ஒருவாட்டி வருவாருங்க. ஞாயித்துக்கிழமை வர மாட்டார், கூட்டம் பிடிக்காது. மத்தியானத்துல வந்து உக்காந்தா அப்படியே தூங்கிடுவார். இப்ப காதுக்கு மேல ரெண்டு பக்கமும் நல்லா நரைச்சிருச்சு. டை அடிக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம்ப்பா, எங்க வீட்டுல சிரிப்பாங்கன்னார்."

அக்கா சலூன்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் போனபோது நாற்பத்து மூன்று வயது, தலை கருகருவென்று இருந்தது. இந்தப் பதினொரு வருடமும் அவள் கதவைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் அதே கருத்த தலைதான் வாசலில் நிற்பதாக நினைத்துக்கொண்டாள். அவருக்கும் நரைக்கும் என்று ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை. டை அடித்துக்கொண்டு வந்திருந்தால் சிரித்துத்தான் இருப்பாள். விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அடுத்து டெய்லரம்மா. சொந்த வீட்டுச் சண்டையைக்கூட அளவெடுத்துப் பேசுகிறவள்.

"பேண்ட்டு இடுப்பப் பிரிச்சுக் கொடுத்தேன் சார், ரெண்டு விரக்கடை. மூணு வருஷத்துல இது ரெண்டாவது வாட்டி. அண்ணே, தொப்பை போடுது, கொஞ்சம் நடங்கன்னு சொன்னேன். அதுலேர்ந்து காலையில பாலத்துல ஏறி இறங்குறார். மேல போனதும் நின்னு ரயிலைப் பாத்துட்டு இருப்பார். சின்னப் பசங்க மாதிரி பெட்டிய எண்ணுவார்."

பெட்டியை எண்ணுவது உண்மை. எந்த ரயிலைப் பார்த்தாலும் எண்ணுவார், யாராவது நடுவில் பேசினால் கோபம் வரும். டெய்லரம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? எப்போதோ பார்த்திருக்கிறாள், மறக்காமல் வைத்திருக்கிறாள். மின்விசிறிச் சத்தம் தூரத்தில் எங்கோ ஓடியது. கரும்பலகையில் புள்ளிகள் அசையத் தொடங்கியதை அக்கா பார்த்தாள். மணி பதினொன்றுதான் ஆகிறது, மூன்றரை வெயில் இன்னும் வரவில்லை. இருந்தும் ஆற்றோரத்து வீட்டிலிருந்து ஒரு புள்ளி கிளம்பியது. காதுக்கு மேல் நரைத்து, லேசாகத் தொப்பை போட்டு, மூச்சு வாங்கப் பாலத்துப் படியேறி, மேலே போய் நின்றது.

மூன்றாவது, பக்கத்து வீட்டுத் தபால்காரர். ஓய்வு பெற்றுவிட்டார். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு கடிதத்தைக்கூட வீடு மாற்றிப் போடாதவர். அவர் வேலையில் இருந்த வரை தினமும் அக்காவின் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, ஒன்றும் வரவில்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார். அவரைப் போய்ச் சாட்சிக்கு அழைத்துவந்திருக்கிறார்களே என்று அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே செவுருங்க," என்றார். "நான் இந்தப் பக்கம் படுக்கறேன். விடிகாலையில அவர் இருமுவார். ரெண்டு இருமல், அப்புறம் குழாயத் திறக்கற சத்தம். அதக் கேட்டுத்தான் நான் எந்திரிக்கிறது. பழைய பம்பு எதையாவது வாசல்ல பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பார். போன மாசம் என் மோட்டாரச் சரி பண்ணினார். காசு குடுத்தா கோபம் வரும்." அவர் குரல் கொஞ்சம் பிசிறியது. "நல்ல மனுஷன் சார். யார் மனசும் நோக ஒரு வார்த்தை பேசினதில்ல. நல்ல மனுஷன்."

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. இந்தக் குரல் அவளுக்குத் தெரியும். துக்க வீட்டில் வாசலில் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு இப்படித்தான் பேசுவார்கள். ஒருத்தர் தலைமுடியைச் சொல்வார், ஒருத்தர் சட்டையைச் சொல்வார், ஒருத்தர் அவர் செய்த உதவியைச் சொல்வார். அவள் வீட்டில் மட்டும் யாரையும் அப்படி உட்கார விட்டதில்லை. பதினொரு வருடமாக யார் வாயைத் திறந்தாலும் அவள் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அவர்களும் சரி என்று விழுங்கிக்கொண்டார்கள். விழுங்கியதெல்லாம் இன்றைக்கு ஒரு சாக்குக் கிடைத்ததும் வெளியே வந்துகொண்டிருந்தது. பொய்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள்.

"அம்மா," என்றார் அதிகாரி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கணக்கெடுத்ததுக்கு முந்தின ஆறு மாசத்துல ஒரு ராத்திரியாவது அவர் உங்க வீட்டுல தூங்கினாரா?"

இதை இப்படி நேராக யாரும் அவளைக் கேட்டதில்லை. பின்வரிசையில் கவுன்சிலர் கிரீஸ் படிந்த கைகளைக் கோத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். தலையை ஆட்டினால் போதும். ஆட்டினால் பாலம் இருக்கும், நர்ஸ் அறை இருக்கும். அவரும் இருப்பார், நரைத்து, தொப்பையோடு, சுவருக்கு இந்தப் பக்கம் இருமிக்கொண்டு. ஐந்து வருடம் கழித்து மறுபடி மூன்று பேர் எழுந்து நின்று அவரை இன்னும் ஐந்து வயது ஏற்றுவார்கள். அவளுக்கு அது வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது.

"இல்ல சார்," என்றாள்.

அதிகாரி கைக்குட்டையை இறக்கினார்.

"அப்ப எப்ப வருவார்?"

"வர மாட்டார் சார். போயிட்டார்." கரும்பலகையில் தன் வீட்டுப் பக்கம் பார்த்தாள். "பதினோரு வருஷம் ஆச்சு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இந்த மூணு பேர் சொன்னது?"

"என் மேல இருக்கற பிரியத்துல சொன்னாங்க. அத எழுதாதீங்க. தப்பு என்னோடது. ரெண்டுன்னு சொன்னது நான்தான்."

அதிகாரி, சாட்சிகள் சொன்னதை எழுதிய பக்கத்தைக் கிழித்து மடித்துக் கைக்குட்டையோடு சேர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அக்காவுக்கு அலுவலகத்தில் ஒரு மெமோ வரும். அது வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக் தாளில் மையை அழிக்க ரப்பர் உதவாது. பிளேடின் நுனியால் சுரண்ட வேண்டும், தாளில் கீறல் விழாமல். அக்கா கரும்பலகைக்குப் போனாள். ஆற்றோரத்துக் கடைசித் தெரு, கடைசி வீடு, இரண்டு புள்ளி. எது தன்னுடையது என்று ஒரு நொடி குழம்பினாள். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. வலது பக்கத்துப் புள்ளியைச் சுரண்டினாள். சிவப்புத் தூள் விரல் நுனியில் ஒட்டியது. ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று அதிகாரி மெதுவாக வாசித்தார். ஒரு வாரத்தில் திருத்திய மேப்பை அனுப்பச் சொன்னார். மரக்கடைக்காரர் ஜெயித்துவிட்டார். ஆனாலும் மனிதர் எழுந்து போகும்வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எல்லோரும் நடந்தே திரும்பினார்கள். இரும்புப் பாலத்தின் படிகளில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கவுன்சிலர் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இனிமே இந்த லைட்டு ஃப்யூஸ் போனா யார் வாசல்ல போய் நிக்கிறதுன்னு யோசிச்சுட்டு இருக்கேன்."

அவள் சொல்வது நியாயம். அக்கா சுருட்டிய மேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசியில் ஏறினாள். பாதிப் படியில் சலூன்காரர் நடையைத் தளர்த்தி அவள் பக்கத்தில் வந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறாரா, குறை சொல்ல வருகிறாரா என்று தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லைபோல. இரண்டு பேரும் சேர்ந்து ஏறினார்கள்.

"அவருக்குக் கண்ணாடி போட்டாச்சா?" என்று கேட்டாள் அக்கா.

சலூன்காரர் இரண்டு படி ஏறினார்.

"போட்டாச்சுக்கா," என்றார். "பேப்பர் படிக்க மட்டும். கடையில பேப்பர எடுத்ததும் சட்டைப்பையத் தடவுவார். பாதி நாள் வீட்டுலயே வெச்சுட்டு வந்துடுவார்."

"மறதி ஜாஸ்தி அவருக்கு."

"ஆமாக்கா, ஜாஸ்தி."

"உறை நான்தான் தெச்சுக் கொடுத்தேன்," என்றாள் மேலே போய்க்கொண்டிருந்த டெய்லரம்மா. "பச்சைத் துணியில."

அக்கா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. பதினொரு வருடமாக வராதது, வழி தெரிந்ததுபோல் வந்தது. வாயைப் பொத்திக்கொள்ளவில்லை, யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை. தபால்காரர் ஒரு படி கீழே வந்து உட்கார்ந்தார். கீழே ஒரு ரயில் வந்து, நீளமாக, வெகுநேரம் போய்க்கொண்டிருந்தது.

கவுன்சிலர் மேலே நின்று பார்த்தாள். பிறகு, கோபம் கொஞ்சமும் தணியாத முகத்தோடு படியிறங்கி வந்து, அக்காவின் கையிலிருந்த மேப்பை வாங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.